ஒன்றா, இரண்டா, மூன்றா? மருமகளின் பெருங்குடலுக்கு நாங்கள் போட்ட கணக்கு

"எத்தன தடவ வெட்டுவாங்களாம்?" தன் மகளின் பெருங்குடலை வெட்டி எடுக்க வேண்டும் என்றதும் அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஒரு தடவை என்றால் பிள்ளை தப்பும், மூன்று தடவை என்றால் தாங்காது. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் எட்டுக் காம்பராவிலும் இதே கணக்குத்தான் ஓடியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் கணக்கு பிழை. ஏன் பிழை என்று எனக்கு விளங்க மூன்று கிழமை எடுத்தது. அதே முடிவின் முன்னால் நிற்கிற வேறு வீட்டாருக்கு அந்த மூன்று கிழமை மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

நான் ஹட்டனில் படிப்பிக்கிறவன், டொக்டர் இல்லை. கிளினிக்கில் கேட்டதை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி, விளங்காததை மறுபடி போய்க் கேட்டு, வீட்டில் எல்லாருக்கும் சொன்னவன். அவ்வளவுதான் என் தகுதி. உங்கள் பிள்ளைக்கு எது சரி என்பதை அவளை வெட்டப்போகிறவரே சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்பதற்குத்தான் இது.

அக்காவின் மகளான என் மருமகளுக்கு 13 வயது. பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம். இரத்தமும் சளியுமாகப் போகத் தொடங்கியபோது முதலில் சீதபேதி என்றார்கள், பிறகு பூச்சி என்றார்கள், சூடு என்றார்கள். ஆறு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் கமரா விட்டுப் பார்த்துத்தான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெயர் கிடைத்தது. பெருங்குடலின் உள்தோல் தானாகவே புண்ணாகும் நோய். பெரியவர்களில் பலருக்குக் குடலின் கடைசிப் பகுதியோடு நின்றுவிடும். பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பெருங்குடல் முழுவதையும் பிடிக்கும். இவளுக்கும் முழுவதும்.

மருந்தா, கத்தியா என்ற கேள்வியில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. அது பெரும்பாலும் வீட்டார் தீர்மானிப்பதில்லை, நோயே தீர்மானித்துவிடும். கடுமையாக வந்து வாட்டில் படுக்க வைத்தால் பிள்ளையின் நோய்க்குப் புள்ளி போடுவார்கள். 85 வரை போகும் அட்டவணை அது, 65உம் அதற்கு மேலும் கடுமை. நாளத்தில் ஸ்டீரொய்ட் ஏற்றி மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் பார்ப்பார்கள். ஐந்தாம் நாளும் 65க்கு மேலேயே நின்றால் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற அடுத்த மருந்து. அதற்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அந்த மருந்து அதை எழுப்பிவிடக் கூடும். மலத்தில் குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அந்தக் கிருமி நோய் முற்றியது போலவே ஆட்டம் காட்டும். அதைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தாலே சில பிள்ளைகள் தேறிவிடுவார்கள். எதற்கும் மசியாவிட்டால் வெட்டு.

இங்கே எங்கள் வீட்டில் நடந்த ஒரு பிழையைச் சொல்லத்தான் வேண்டும். "இன்னும் ஒரு மாசம் பாப்போம், தைப்பொங்கல் போகட்டும்" என்று தள்ளினோம். இந்த மாதிரித் தள்ளலில் பிள்ளைக்கு ஓய்வு கிடைக்காது. ஸ்டீரொய்ட் ஏறும், எடை இறங்கும், இரத்தம் குறையும். பிறகு ஒரு நாள் இராத்திரியில் அவசரமாக வெட்ட வேண்டிவந்தால், நாள் குறித்து வெட்டுவதைவிடக் கிருமி பிடிக்கும் வாய்ப்புக் கூடுதல். நாங்கள் அந்த இராத்திரி வருவதற்கு ஒரு கிழமை முன்னால் முழித்துக்கொண்டோம்.

ஒட்டுப்போடும் நாள்

வெட்டு என்றால் என்ன? பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசித் துண்டை மடித்து ஒரு பை செய்து, அதைக் கீழே ஆசனவாயோடு ஒட்டுவது. 1978இல் லண்டனில் அலன் பார்க்ஸும் ஜோன் நிக்கல்ஸும் இதை எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது எஸ் எழுத்து வடிவம். இன்று பெரும்பாலும் செய்யும் ஜே வடிவத்தை 1980இல் ஜப்பானியரான உட்சுனோமியா கொண்டுவந்தார். வீட்டில் "பை" என்றால் எந்தப் பை என்று தினமும் குழப்பம். ஆகவே வயிற்றின் மேல் ஒட்டுவதை வெளிப்பை என்றும், உள்ளே தைப்பதை உள்பை என்றும் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இதை ஒரே தடவையில் செய்யலாம்: எடுத்து, உள்பை செய்து, ஒட்டி, மூடி, வீட்டுக்கு. வெளிப்பையே இல்லை. இரண்டு தடவையில் என்றால், எடுத்து, உள்பை செய்து ஒட்டி, அதற்கு மேலே சிறுகுடலை வயிற்றில் வாய் வைத்து மலத்தை வெளியே திருப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த வாயை மூடுவார்கள். மூன்று தடவையில் என்றால், முதலில் பெருங்குடலை மட்டும் எடுப்பார்கள். மலக்குடல் துண்டு கீழே இருக்கும், மலம் வெளிப்பையில் வரும். சில மாதம் கழித்து, பிள்ளை தேறிய பிறகு, மலக்குடலை எடுத்து உள்பை. மூன்றாவதில் வாயை மூடுவது.

ஆபத்து எங்கே இருக்கிறது? கத்தி படும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. தோலில் உள்ள காயம் சிவந்து சீழ் வைப்பது வேதனைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும், திறந்துவிட்டுக் கழுவினால் ஆறும். பயப்பட வேண்டியது உள்பையை ஆசனவாயோடு ஒட்டிய அந்த ஒட்டு. அது கசிந்தால் இடுப்புக் குழிக்குள் மலம் போகும், சீழ் கட்டும். உயிருக்கே ஆபத்தாகலாம். உயிர் தப்பினாலும் அந்தச் சீழ் ஆறிய வடு உள்பையைச் சுருக்கிவிடும். உள்பை பிற்காலத்தில் வேலை செய்யாமல் போவதற்கு முக்கியமான காரணங்களில் இந்த இடுப்புச் சீழும் ஒன்று.

ஒட்டு ஏன் கசிகிறது? தைத்தவரின் கை ஒரு காரணம். இன்னொன்று, ஒட்டுப்போட்ட நாளில் அந்த உடம்பு எப்படி இருந்தது என்பது. பழ மரத்தில் ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காய்ந்த கிளையில் கட்டினால் பிடிக்காது. மருமகள் அந்த நேரம் நாளுக்கு 40 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்டில் இருந்தாள், 29 கிலோ. முகம் மட்டும் உருண்டையாக, கை கால் குச்சியாக. பெரியவர்களுக்கான வழிகாட்டல்களில், நாளுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆறு கிழமைக்கு மேல் எடுத்தவருக்கு ஒட்டு ஆறாமல் போகும் வாய்ப்பும் கிருமி பிடிக்கும் வாய்ப்பும் கூடுதல் என்கிறார்கள். இவளுடைய எடைக்கு 40 என்பது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஃப்ளிக்சிமாப் அதே மாதிரிக் கெடுதல் செய்யுமா என்பதில் ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஸ்டீரொய்டில் அந்தச் சந்தேகம் இல்லை.

இப்போது மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே தடவையில் செய்வதென்றால் காய்ந்த கிளையில் ஒட்டு, அதற்கு மேல் காவலும் இல்லை. கசிந்தால் நேரே வயிற்றுக்குள். இரண்டு தடவை என்றால் அதே கிளை, ஆனால் காவல் உண்டு. மேலே வாய் வைத்துத் திருப்பிவிட்டிருப்பதால், கசிந்தாலும் கெடுதி குறைவு. கசிவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று தடவை என்றால் முதல் வெட்டில் அந்த ஒட்டே கிடையாது. நோய்க் குடல் போய்விடுவதால் ஸ்டீரொய்டை மெதுவாகக் குறைத்து நிறுத்தலாம். அதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, உடம்பு இடிந்துவிடும். பிள்ளை சாப்பிடத் தொடங்கும், எடை வரும். பிறகு பச்சைக் கிளையில் ஒட்டு.

அக்காவுக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: "மூணு தடவ தியேட்டருக்குப் போறா அக்கா, ஆனா அந்தப் பொல்லாத ஒட்டு ஒரு தடவதான். எந்த நாள்ல அத போடுறதுங்கிறதுதான் நம்ம கையில இருக்கு." அவள் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கொழுந்து மலையில் இருந்து வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மூணுன்னே சொல்லிரு" என்றாள்.

மூன்றுக்கும் குறை உண்டு. கீழே விட்டுவைத்த மலக்குடல் துண்டின் மூடிய முனை சிலருக்குக் கசியும், அதுவும் இடுப்பில் சீழ்தான். அதில் நோய் இன்னும் இருப்பதால் இரத்தமும் சளியும் வந்துகொண்டே இருக்கும். மூன்று மயக்கம், மூன்று தையல், மூன்று முறை வாட். வயிற்றுக்குள் ஒட்டல் விழுந்து குடல் மடங்கும் வாய்ப்பும் கூடுகிறது. பாடசாலை ஒரு வருடம் போய்விடும். ஆகவே ஸ்டீரொய்ட் இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டு, இரத்தமும் எடையும் சரியாக உள்ள பிள்ளைக்கு நாள் குறித்துச் செய்கிறார்கள் என்றால் இரண்டே போதும் என்று நானும் சொல்வேன். முதலில் எடுத்துவிட்டு, இரண்டாவதில் உள்பையை வெளிவாய் இல்லாமலே ஒட்டும் ஒரு வழியும் இருக்கிறது. தேறிய பிள்ளைக்கு, பழகிய கையால் செய்தால் அது ஒரு வெட்டை மிச்சப்படுத்தும். ஒரே தடவை வழியை மட்டும், மருந்தில் கிடந்து மெலிந்த பிள்ளைக்கு யாராவது சொன்னால், நான் வேறொருவரிடமும் கேட்பேன்.

சின்னத் துளைகள் போட்டு லப்ரஸ்கோப்பியில் செய்தால் தோல் காயம் சிறிது, அங்கே சீழ் வைப்பதும் குறைவு. பெண் பிள்ளையென்றால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இடுப்புக்குள் உள்பை வைக்கும்போது விழும் வடுவால் பிற்காலத்தில் பிள்ளை தங்குவது சிலருக்குத் தாமதமாகலாம். சின்னத் துளை வழியில் வடு குறைவு. எங்கள் அம்மா இதைத்தான் முதலில் கேட்டார். இன்னும் பெரியபிள்ளையாகவே இல்லையே, அதற்கும் இந்த நோய்தானா என்றும் கேட்டார். ஆம், நீண்ட நாள் நோயும் ஸ்டீரொய்டும் அதைத் தள்ளிப்போடும். அந்தக் கேள்வியை டொக்டரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம், அவர்களாக எடுத்துச் சொல்லாமல் விடவும் கூடும்.

எங்கே செய்வது? எங்களுக்குப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும், கொழும்பு லேடி ரிட்ஜ்வேயும் என்று இரண்டு பேச்சு இருந்தது. இரண்டும் அரசாங்கம், கட்டணம் இல்லை. நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்த உள்பை வேலையை உங்கள் கை வருடத்துக்கு எத்தனை முறை செய்கிறது? அதிகம் செய்த கையில் கசிவு குறைவு. தூரத்தை அதற்குப் பிறகு பாருங்கள்.

டிக்கட் வெட்டிய பிறகு

இந்தப் பகுதியை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டயக்னோசிஸ் காட் தந்தார்கள், முழுக்க ஆங்கிலம். வாட்டில் விளக்கியது சிங்களத்தில். மச்சான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். எந்த வாட் என்று எழுதப் போவதில்லை, அங்கே பிள்ளையை நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் நீங்கள் தமிழில் சொல்லக்கூடிய ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மிஸ்ஸாவது (தாதி), ஒரு அட்டெண்டனாவது இருப்பார்.

வாட்டை விட்டு வெளியே வந்ததோடு ஆபத்து நிற்பதில்லை. தோல் காயம் பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் சிவக்கத் தொடங்கும். ஒட்டுக் கசிவும் வயிற்றுச் சீழும் அநேகமாக முதல் ஒன்றிரண்டு கிழமைக்குள், சில வேளை அதற்கும் பிறகு. 30 நாள் வரை வருவதை அறுவையால் வந்த கிருமி என்றே கணக்கில் எடுப்பார்கள். ஆக, மிக ஆபத்தான நாட்களில் பாதி வீட்டில் கழிகிறது. எந்த வீட்டில்?

அக்காவுக்குத் தோட்டத்து வீடுதான் வேண்டும். அங்கே அவளுடைய அடுப்பு, அவளுடைய ஆட்கள். வேலைக்குப் போனால் பேர் விழும், போகாவிட்டால் சம்பளம் இல்லை. எனக்கோ மனது ஒப்பவில்லை. மலையில் இருந்து விழும் பீலித் தண்ணீரையோ காம்பராவின் ஈரத்தையோ நினைத்து நான் பயப்படவில்லை. வெளிவாயைச் சுற்றியுள்ள தோலைக் கழுவச் சுத்தமான சாதாரணத் தண்ணீர் போதும், கிருமியற்ற தண்ணீர் தேவையில்லை என்று மிஸ் சொன்னார். டெட்டோல் போட்டால் தோல்தான் கெடும். காயத்துக்கு மட்டும் கொதிக்க வைத்து ஆறிய நீர். மூடிய வாளி, தனிச் சவர்க்காரம், தனித் துவாய். லயத்திலும் இதெல்லாம் முடியும். குளொஸ்ட்ரிடியம் கிருமியின் வித்து கைக்குப் பூசும் ஸ்பிரிட் ஜெல்லுக்குச் சாகாது, சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் அதைக் கழுவும். அந்த விஷயத்தில் பீலி ஜெல் போத்தலைவிட மேல்.

என் பயமெல்லாம் மணித்தியாலத்தைப் பற்றியது. தோட்டத்தில் இருந்து இறங்கி, ஹட்டன் வந்து, கண்டி போய்ச் சேர நாலு மணித்தியாலம். அதுவும் ரோட்டு இருந்தால். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் மலை சரிந்து ரோட்டும் ரயில் பாதையும் அறுந்து கிடந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்ட, அங்கே சேலைனும் நாள ஊசி மருந்தும் உடனே தொடங்கலாம், அதுவே பெரிய காரியம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆனால் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்றால், உள்ளே என்ன தைத்தோம் என்று தெரிந்தவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

ஹட்டனில் என் வீடு நடுவழி, அது பாதித் தீர்வு. கம்பளையில் சித்தி வீடு இருந்தது, பேராதனைக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள். சித்தி வீட்டிலேயே மூன்று கிழமை என்று முடிவெடுத்தோம். அக்கா முதல் கிழமை கூட இருந்தாள், பிறகு சித்தியும் நானும் மாறி மாறி. அக்கா இழந்த பேருக்கு ஈடாகக் கொஞ்சம் நான் போட்டேன், கொஞ்சம் கடன். கம்பளையில் சொந்தம் இல்லாதவர்கள் இரண்டு கிழமைக்காவது கண்டிப் பக்கம் ஒரு அறை எடுக்கப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அதுவும் ஏலாது என்றால், டிக்கட் வெட்டுவதை நாலைந்து நாள் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். "வீடு நாலு மணித்தியாலம் தள்ளி, மலையில" என்று வாய் திறந்து சொன்னால் யோசிப்பார்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த மூன்று கிழமையில் எதைப் பார்த்தோம் என்றால், முதலில் காய்ச்சலை. 38 பாகை செல்சியஸைத் தாண்டுகிறதா என்று. ஆனால் ஸ்டீரொய்ட் இன்னும் உடம்பில் இருக்கும் பிள்ளைக்கு உள்ளே சீழ் கட்டினாலும் காய்ச்சல் காட்டாமல் போகலாம். ஆகவே நாடி வேகமாக ஓடுகிறதா, வயிறு ஊதி இறுகுகிறதா, நேற்றைவிட இன்று வலி கூடுகிறதா, வெளிப்பையில் வருவது திடீரென்று நின்றுவிட்டதா, கீழே நாற்றத்தோடு கசிகிறதா என்று பார்த்தோம். பிள்ளை பேச்சைக் குறைத்துச் சுருண்டு படுத்தால் அதையும் ஒரு அறிகுறியாகவே எடுத்தோம். பெனடோல் கொடுத்துக் காய்ச்சலை அடக்கிவிட்டுக் காலை வரை பார்ப்பது கூடாது.

பதினோராம் நாள் அறிகுறி வந்தது. காயத்தின் கீழ்முனை சிவந்து சூடாக இருந்தது, காய்ச்சல் 38ஐத் தாண்டியது. முக்கால் மணித்தியாலத்தில் வாட்டில் இருந்தோம். இரண்டு தையலை வெட்டிச் சீழை விட்டுக் கழுவினார்கள், ஸ்கேனில் உள்ளே ஒன்றும் இல்லை. நாலு நாளில் திரும்பி வந்தோம். தோட்டத்தில் இருந்திருந்தாலும் இந்தத் தோல் சீழ் அவளைக் கொன்றிருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிய அங்கே எத்தனை மணித்தியாலம் ஆகியிருக்கும் என்பதுதான் கேள்வி.

காய்ச்சலுக்குப் பயந்து தண்ணீரை மறந்துவிடாதீர்கள். பெருங்குடல் இல்லாத பிள்ளைக்கு உப்பும் நீரும் வெளிப்பையில் ஓடிவிடும். நாம் என்ன செய்வோம்? பிளேன்டீ, பிளேன்டீ, இன்னொரு பிளேன்டீ. வெறும் டீயும் வெறும் தண்ணீரும் அதிகமானால் உப்பு இன்னும் வெளியே போகும். வெளிப்பை நிறைந்துகொண்டே இருக்கும், பிள்ளை வறண்டுகொண்டே போகும். ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளைப் பக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்துக் கொடுப்பதும், உப்புப் போட்ட கஞ்சியும் வேண்டும். தேயிலை மலையில் நின்றுகொண்டு தேத்தண்ணியைக் குறை என்று சொன்ன எனக்கு வீட்டில் கிடைத்த மரியாதையை இங்கே எழுதவில்லை.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி: நம் ஆட்கள் பணிஸும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு குடும்பமாக வருவார்கள். அம்மை போட்ட வீட்டில் இருந்து யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீரொய்டோ, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் அசத்தியோபிரினோ எடுக்கும் பிள்ளைக்கு அந்த அம்மை சாதாரணமாக முடியாது, உயிரோடுள்ள கிருமியால் செய்த அம்மைத் தடுப்பூசியையும் அந்த நேரம் போட முடியாது. தெரியாமல் பக்கத்தில் வந்துவிட்டால் கொப்புளம் வரும் வரை காத்திராமல் அன்றைக்கே வாட்டுக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது அவள் 37 கிலோ. ஸ்டீரொய்ட் இல்லை. இரண்டாவது வெட்டில் உள்பை வைத்து ஒட்டியாகிவிட்டது, அந்த ஒட்டில் பிரச்சினை ஒன்றும் வரவில்லை. எல்லாம் முடிந்தாலும் உள்பை பழைய குடலாகாது. நாளுக்கு நாலு முதல் எட்டுத் தடவை போக வேண்டியிருக்கும். இந்த நோய்க்காக உள்பை வைத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஒரு தடவையாவது அது அழற்சியாகும். திடீரென்று தடவை கூடும், அடக்க முடியாது, வயிறு இழுக்கும், சில வேளை இரத்தமும் வரும். பழைய நோய் திரும்பிவிட்டது என்று வீட்டில் அழத் தொடங்குவார்கள். பெரும்பாலும் மெட்ரோனிடசோலோ சிப்ரோஃப்ளொக்சசினோ இரண்டு கிழமை எடுத்தால் அடங்கும். ஆனால் பழைய பக்கெட்டில் மிச்சம் இருந்ததைத் தாமாக விழுங்கக் கூடாது.

மிஞ்சியிருப்பது மூன்றாவது, வாயை மூடுவது. முதலில் சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்து ஒட்டு ஆறிவிட்டதா என்று பார்ப்பார்கள். மூன்றில் இது சின்ன வெட்டு. ஆனால் மலம் வந்துகொண்டிருந்த இடம் என்பதால் அந்தத் தோலில் சீழ் வைக்க வாய்ப்பு உண்டு. முழுதாகத் தைக்காமல், வெற்றிலைச் சுருக்குப்பையை இழுப்பது போலச் சுற்றி இழுத்து நடுவில் சின்னத் துளை விட்டால் அது குறையும் என்கிறார்கள். இதையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்க. ஜூன் கடைசியில் வரச் சொன்னார்கள். கினிகத்தேனையில் மழை அடித்து ஊற்றும் மாதம். அக்கா இந்த முறை என்னைக் கேட்கவில்லை. தானே மிஸ்ஸிடம் போய், "எங்க ரோட்டு அப்ப இருக்காது மிஸ், கம்பளையில வந்து நிக்கிறோம், அங்க இருந்து வாறோம்" என்று சொல்லி, சித்தி வீட்டு நம்பரை கிளினிக் புத்தகத்தின் முன்பக்கத்தில் எழுத வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.